ஆம்ப் பாடுகிறது, நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு பதினொன்றரைக்கு என் கார் ஆம்ப் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்) பாடியது. இரண்டு பக்கமும் சுத்தமான சத்தம். ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஸ்பீக்கர் முனையில் டிசி (அங்கே வரக் கூடாத நேர்மின்சாரம்) வெறும் 12 மில்லிவோல்ட். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்: ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடி எரிந்துபோய், புதிது போட்டு, உங்களிடம் உதவி கேட்டேன். புது ஜோடியும் புகைந்த அன்று நான் பேசியதை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

அந்த டிரான்சிஸ்டர்களோடு தொடராக இருக்கும் எமிட்டர் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னவர்கள், டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மின்சாரம் தாவாமல் தடுக்கும் மைக்கா தாளில் ஓட்டை இருக்கும் என்றவர்கள், டிரான்சிஸ்டரே போலியாக இருக்கலாம் என்று எச்சரித்தவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. "பேட்டரி ஒயரில் 21 வாட் பிரேக் லைட் பல்பைத் தொடராகப் போடாமல் சுவிட்சைத் தொடாதே" என்று திட்டியவருக்கு இன்னொன்று. மூன்றாவது ஜோடியைப் போட்டபோது பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மிஞ்சிய கரண்டைத் தடுத்தது, ஜோடி பிழைத்தது.

அப்புறம் ஓர் அண்ணா. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவரிடமும் இதே மாடல் இருக்கிறது, நன்றாக ஓடுவது. "எந்த இடத்தில் எவ்வளவு வர வேண்டும் என்று எனக்கும் தெரியாது. என்னுடையதை அளந்து சொல்கிறேன்" என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பினார். பென்சில் எழுத்து. ஒவ்வொரு அளவுக்கும் எதிரே சிவப்பு முனை எங்கே, கறுப்பு முனை எங்கே என்று குறித்திருந்தார். ஓரிடத்தில் அடித்துவிட்டு, பக்கத்தில் "கை நடுங்கியது, மறுபடி அளந்தேன்."

எனக்கு அந்த வரிதான் தொண்டையை அடைத்தது. காரிலிருந்து கழற்றி, திறந்து, மின்சாரம் ஓடும்போதே அந்தக் குறுகலான கால்களுக்கு நடுவே முனையை வைத்திருக்கிறார். கொஞ்சம் வழுக்கி இரண்டு கால்களைச் சேர்த்துத் தொட்டிருந்தால் அவருடையதும் போயிருக்கும். முகம் பார்த்திராத ஒருவனுக்காக.

அவுட்புட் டிரான்சிஸ்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தத் தாளின்படி என் போர்டை அளந்தேன். இரண்டு டிரைவர்களின் (அவுட்புட் டிரான்சிஸ்டர்களை ஓட்டும் சிறிய டிரான்சிஸ்டர்கள்) பேஸ் கால்களுக்கு நடுவே அவருக்கு 2.2 வோல்ட். எனக்கு 4-ஐத் தாண்டியது. அதனால்தான் பாட்டே ஓடாதபோதும் மேல், கீழ் இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் ஒன்றாகத் திறந்துகொண்டு கரண்டைக் குடித்திருக்கின்றன. பயாஸை (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களுக்குக் கொடுக்கும் அந்தச் சிறு வோல்டேஜை) அளவோடு பிடித்து வைக்கிற குட்டி டிரான்சிஸ்டர், ஹீட் சிங்க்கை ஒட்டி நிற்குமே, அதன் மூன்று கால்களில் ஒன்றான கலெக்டர் காலில் முடி அளவு விரிசல், அதனால் பயாஸ் ஏறிவிட்டது. முதல் தடவை பழசுகளை எடுக்கும்போது போர்டை நெம்பித் தூக்கியது நான்தான். பாகம் விற்றவரைத் திட்டியதெல்லாம் வீண்.

குட்டியை மாற்றி, பயாஸை அடிமட்டத்துக்குத் திருப்பி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கியது.

இதே மாடலோடு யாராவது மாட்டிக்கொண்டால் கேளுங்கள், எந்த நேரமானாலும் அளந்து தருகிறேன். மூடியில் இப்போதைக்கு நான்கு திருகுகள் மட்டும்தான் போட்டிருக்கிறேன்.