வாடைத்தீவில் சுடலைக்கு விறகு ஏது?

வாடைத்தீவைப் படைத்துக்கொண்டிருக்கும் நம்ம ஊர் இளையோர் குழுவுக்கு,

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

நீங்கள் கற்பனையில் உருவாக்கிய வடகடல் தீவின் வரைபடத்தையும், அந்தத் தீவு மக்களுக்கென்று எழுதிய கதைகளையும் படித்தேன். மலைச்சரிவுக்கு நிழல் போட்ட பிள்ளை யாரென்று தெரியவில்லை, அந்தக் கைக்குத் தனியாக ஒரு சபாஷ். ஆனால் தீவில் இறங்கி நடந்தால் நம்ம பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது. குழுவில் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பனிமாடன். சுடுகாட்டுக் காவல்தெய்வமான சுடலைமாடனுக்குக் கம்பளி போர்த்தி, ஊர்க்கோடிச் சுடுகாட்டில் பீடம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனி மாதக் கோயில் கொடைவிழாவில், நடுச்சாமத்தில், சாமியாடி தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்குப் போகிறார். சரி. தீவை வைத்திருப்பது 64 பாகை வட அட்சத்தில், ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்துக்கு நேராக. அங்கே ஜூன் கடைசியில் சூரியன் ஏறத்தாழ 21 மணி நேரம் நிற்கும். மிச்ச நேரமும் அந்தி வெளிச்சம்தான், முழு இருட்டு கிடையாது. சாமமே வராத ஊரில் சாமக்கொடை எப்படி நடக்கும்? கொடையை மார்கழிக்கு மாற்றுங்கள். பகல் நாலு மணி நேரமாகச் சுருங்கியிருக்கும், மாடனுக்கு வேண்டிய இருட்டு தாராளமாகக் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் விறகு. மலையை மொட்டையாக வரைந்தது நீங்கள்தான், அது சரியும்கூட. ஐஸ்லாந்துக்குத் தென்கிழக்கே இருக்கும் ஃபாரோ தீவுகளில் உப்புக்காற்றும் ஆடுகளும் மரத்தைத் தலையெடுக்க விடுவதில்லை. ஐஸ்லாந்தில் இருந்த பிர்ச் காடுகளையும் குடியேறியவர்கள் வெட்டி, மிச்சத்தை ஆடு மேய்ந்தது. இப்படிப்பட்ட இடத்தில் பிணத்தை எரிக்க யார் கட்டை கொடுப்பார்கள்? புதைப்பார்கள், இல்லையென்றால் கடல் கொண்டுபோகும். சுடுகாடு இல்லாத தீவில் சுடலைக்கு வேலை இல்லை.

ஆனால் கட்டையை விட்டுவிடாதீர்கள், கதை அதில்தான் இருக்கிறது. சைபீரிய ஆறுகள் அடித்துவரும் மரங்கள் ஆர்க்டிக் பனியில் சிக்கி, பனியோடு நகர்ந்து, சில வருஷம் கழித்து ஐஸ்லாந்தின் வடகரையில் ஒதுங்கும். உப்பேறிய அந்த மரம்தான் வீட்டுக்கு உத்தரம், படகுக்குப் பலகை. எந்தக் கரையில் ஒதுங்குவது யாருக்குச் சொந்தம் என்று அங்கே பழங்காலத்திலேயே சட்டம் இருந்தது. தேவாலயங்கள்கூட அந்த உரிமையை வைத்திருந்தன. நம்ம பக்கம் வரப்புக்கும் வாய்க்கால் தண்ணிக்கும் வெட்டுக்குத்து நடந்து, அநியாயமாகச் செத்தவன் பீடத்தில் ஏறுகிறான், வில்லுப்பாட்டில் பாடப்படுகிறான். உங்கள் தீவில் ஒதுங்கிய ஒரு கட்டைக்காக அடிபட்டுச் செத்தவன் சாமியாகட்டுமே. கறி, சாராயம் எல்லாம் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு கட்டையைத் திரும்பக் கடலில் தள்ளிவிடுவதுதான் அவனுக்குப் படையல் என்று வையுங்கள். விறகில்லாத ஊரில் அதைவிடப் பெரிய படையல் எது?

அடுத்து நாககன்னி. ஐஸ்லாந்திலும் ஃபாரோவிலும் பாம்பே கிடையாது. அந்த வேலையைச் சீல் என்கிற கடல்நாய் பார்த்துக்கொள்ளும். ஃபாரோவில் கால்சோய் தீவின் மிக்லடாலூர் ஊரில் ஒரு கதை உண்டு. வருஷத்தில் ஒரு நாள் ராத்திரி கடல்நாய்கள் கரையேறி, தோலைக் கழற்றி வைத்துவிட்டு, மனிதர்களாக ஆடுமாம். ஒருவன் ஒருத்தியின் தோலைத் திருடிப் பெட்டியில் பூட்டி, அவளைக் கட்டிக்கொள்கிறான். பிள்ளைகளும் பிறக்கின்றன. ஒரு நாள் மீன்பிடிக்கப் போனவன் சாவியை வீட்டில் விட்டுவிட, அவள் தோலை எடுத்துக்கொண்டு கடலுக்கே போய்விடுகிறாள். சட்டை உரிக்கிற பாம்பைப் பார்த்த ஊரில் நாககன்னி பிறந்தாள், பாறையில் படுத்துக்கிடக்கும் கடல்நாயைப் பார்த்த ஊரில் இவள் பிறந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ராட்சசர்களை நீங்கள் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், அவர்களுக்கு அவசரம் மட்டும் போதவில்லை. ஃபாரோவின் வடகரையை ஒட்டிக் கடலுக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 70 மீட்டர். ஃபாரோவைக் கயிறு கட்டி ஐஸ்லாந்துக்கு இழுத்துப்போக வந்த ராட்சசனும் அவன் பெண்டாட்டியும், விடிந்தது தெரியாமல் மல்லுக்கட்டி, வெயில் பட்டுக் கல்லானார்களாம். பூமியைச் சமன்செய்ய அகத்தியரைப் பொதிகைக்கு அனுப்பிய கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமே இல்லை.

‘கற்பனைத் தீவுதானே, எதற்கு இவ்வளவு கணக்கு’ என்று யாராவது கேட்பீர்கள். 1558-இல் வெனிஸில் நிக்கோலோ சேனோ என்பவர் தன் முன்னோர் போய்வந்ததாகச் சொல்லி ஒரு வரைபடத்தை அச்சிட்டார். அதில் ஃப்ரிஸ்லாந்து என்று ஒரு வடகடல் தீவு, ஊர்ப்பெயர்களோடு. அப்படி ஒரு தீவே இல்லை. ஆனாலும் 1569-இல் பெயர்பெற்ற வரைபடக்காரர் மெர்காட்டர் அதைத் தன் உலகப்படத்தில் சேர்த்தார். 1578-இல் ஆங்கிலேய மாலுமி மார்ட்டின் ஃப்ரோபிஷர் கிரீன்லாந்தில் இறங்கி, அதுதான் ஃப்ரிஸ்லாந்து என்று நம்பி, இங்கிலாந்து ராணிக்குச் சொந்தம் என்று அறிவித்தார். புளுகு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

சில்லறைத் திருத்தங்கள்: பென்குயின் வடக்கே கிடையாது. அதே போலப் பறக்காத கிரேட் ஆக் என்ற பறவை இருந்தது. 1844-இல் ஐஸ்லாந்தை ஒட்டிய எல்டே தீவில் கடைசி ஜோடியைக் கொன்றுவிட்டார்கள், கதை அதற்கு முந்திய காலத்தில் நடந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். துறைமுகத்தைக் கிழக்குக் கரைக்கு மாற்றுங்கள், அந்தக் கடலில் புயல் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வரும். அது உறைந்து கிடக்கவும் வேண்டாம், வெந்நீரோட்டம் அந்தப் பக்கம் போகிறது.

உங்கள் கதாநாயகன் உவரிக்காரப் பையன். கடலில் பிறந்து வளர்ந்தவன், கரையேறியதும் அழ மாட்டான். துருவ நட்சத்திரத்தைத் தேடுவான். இங்கே அடிவானத்துக்கு மேல் 8 பாகைதான் நிற்கும், அங்கே 64 பாகை உயரத்தில், கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆனியில் போனால் நட்சத்திரமே தெரியாது, ஐப்பசியில் அனுப்புங்கள். அப்புறம், உப்பே போடாமல் வெறும் குளிர்காற்றில் காட் மீனைத் தொங்கவிட்டுக் காயவைப்பதைப் பார்த்து, ‘இது எப்படிக் கருவாடு ஆகும்’ என்று அவன் சண்டை பிடிக்கட்டும்.

திருத்தியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வரைபடத்தில் அளவுகோல் போட விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்து.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை