மண்டபத்துக்குப் பெயர் வைத்தாயிற்று, வகுப்பறை?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த மடல் தமிழில் இருக்கிறது. படிக்க நீங்கள் யாரையாவது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்து உங்கள் மாநிலத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை படும் பாட்டில் இது கால்வாசிகூட இல்லை.

பாடகி லிண்டா ரான்ஸ்டட் உங்கள் ஊர்ப் பெண். 1946-ல் உங்கள் மாநிலத்து டூசான் நகரில் பிறந்தவர். தாத்தா 1882-ல் மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வண்டி செய்யும் தொழில் கற்க டூசானுக்கு வந்தவர். அப்புறம் அங்கே ஒரு பேண்டு வாத்தியக் குழுவையே நடத்தினார். அப்பா ஹார்டுவேர் கடைக்காரர். கடை போக மீதி நேரத்தில் பாட்டு, அதுவும் மெக்சிகப் பாட்டு. லிண்டாவுக்கு ஸ்பானிஷ் சரளமாகப் பேச வராது, அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் பாட வரும். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை என்றிருந்த காலம் அது. பேச்சு போனாலும் அப்பா பாடிய பாட்டு தங்கிவிட்டது.

எழுபதுகளில் அவர் ராக் இசையின் பெரிய நட்சத்திரம். அந்த உச்சத்துக்குப் பிறகு, மரியாச்சி என்ற மெக்சிக நாட்டுப்புற இசையில் ஓர் இசைத்தட்டு போட வேண்டும் என்று அவர் நின்றபோது, இசைத்தட்டு நிறுவனத்துக்கு அதில் இஷ்டமே இல்லை. விடவில்லை அவர். 1987-ல் ‘கான்சியோனெஸ் தெ மி பாத்ரே’ வந்தது. ‘என் அப்பாவின் பாட்டுகள்’ என்று பொருள். அந்தப் பெயரும் வீட்டுச் சொத்துதான்: பாடகியான அத்தை லூயிசா எஸ்பினெல், லிண்டா பிறந்த அதே 1946-ல், இதே பெயரில் ஒரு பாட்டுப் புத்தகம் போட்டிருந்தார். இசைத்தட்டில் மெக்சிகோவின் மரியாச்சி வர்காஸ் குழு வாசித்தது. குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, சட்டென்று உடைத்து, மேல் ஸ்தாயிக்குத் தாவ விடும் வாப்பாங்கோ பாணிப் பாட்டும் அதில் உண்டு. ராக் பாடியவர் இரண்டு மாதம் பழகிப் பாடக்கூடிய சங்கதி இல்லை அது. குழந்தையில் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. கிராமி இசை விருது கிடைத்தது. 1988-ல் அதே பாட்டுகளோடு நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை ஏறினார்.

அந்த 1988 நவம்பரில்தான் உங்கள் வாக்காளர்கள், அரசு வேலை எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்று மயிரிழையில் தீர்மானித்தார்கள். பத்து வருடம் கழித்து உங்கள் மாநில உச்ச நீதிமன்றமே அதைச் செல்லாது என்றது. சரி, முடிந்தது என்று பார்த்தால், 2000-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 203-ஆம் எண் தீர்மானம். ஆங்கிலம் தெரியாத பிள்ளை, விலக்கு வாங்கினால் ஒழிய, முதலில் ஆங்கிலத்திலேயே மூழ்கி எழ வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலம் தெரிந்த பிள்ளை இருமொழி வகுப்பில் சேர்ந்து ஸ்பானிஷ் கற்கலாம். ஆங்கிலம் தெரியாமல் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைதான், அந்தத் தீர்மானத்தின்படி, முதலில் ஆங்கிலம் தேறிக் காட்ட வேண்டும். 2019-ல் அந்தப் பிள்ளைகளுக்கான தினசரி நான்கு மணி நேர ஆங்கிலப் பயிற்சியை இரண்டாகக் குறைத்தீர்கள், நன்றி. 203-ஆம் எண் தீர்மானம் மட்டும் நீக்கப்படாமல் இருக்கிறது.

2022-ல் டூசான் நகரம் தன் இசை மண்டபத்துக்கு லிண்டாவின் பெயரை வைத்தது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்த இசைத்தட்டைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. அவரால் இப்போது பாட முடியாது. நோய் குரலை எடுத்துக்கொண்டது. ஆனால் 1964-லிருந்து டூசானில் ‘லாஸ் சாங்கிட்டோஸ் ஃபியோஸ்’ என்று ஒரு மரியாச்சிக் குழு இருக்கிறது. ‘அவலட்சணக் குரங்குக் குட்டிகள்’ என்று அர்த்தம்! பாடுவது அத்தனையும் இளவட்டம்.

வாக்காளர்கள் போட்ட சட்டத்தை நீங்களாக நீக்க முடியாது என்பது தெரியும். ஆனால் நீக்கலாமா என்ற கேள்வியை வாக்குச்சீட்டில் வைக்க உங்களால் முடியும். அடுத்த பொதுத் தேர்தலிலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் ரசிகர் ஒருவர்