பீரோவில் பூட்டிய பத்து மாத்திரை

தக்கலை
ஞாயிறு மாலை

அன்புள்ள ரெஜினா,

அன்றைக்குப் போனில் நான் அப்படி அழுதிருக்க வேண்டாம். இப்போது பரவாயில்லை. மார்பில் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம், நீர் வடிய வைத்த டியூபும் எடுத்தாயிற்று.

நான் அழுதது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் ராத்திரி. படுக்க முடியாமல் விடிய விடிய கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மருந்து இல்லாமல் இல்லை. வேளாவேளைக்குப் பாரசிட்டமால், அதற்கும் அடங்காவிட்டால் போட டிரமடால் பத்து, மார்பின் வகையைச் சேர்ந்த வலிமாத்திரை. அந்தப் பத்தையும் மாமி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மருந்துக்கடைக்காரர் சீட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்து, "பழகிப்போகும், பாத்துக் குடுங்க" என்றாராம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. 2018-லிருந்து டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டதே. இந்தச் சட்டம் வந்தது 1985-ல். அதற்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பினை வைப்பதையே விட்டன. வலி தணிப்பு சிகிச்சைக்காகவே உழைக்கும் திருவனந்தபுரத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்காக அலைந்த பிறகு, நோயாளிகளுக்கு மார்பின் கிடைப்பதை எளிதாக்கும் திருத்தம் 2014-ல்தான் வந்தது. ஆனால் பயம் எங்கள் வீட்டு பீரோ வரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

கட்டுப் பிரிக்கப் போனபோது டாக்டர் திட்டினார். "வலியோட இருந்தா கையைத் தூக்க மாட்டீங்க, தோள் இறுகிப்போகும். நாலு நாள் அளவாப் போட்டா அடிமையாகுற பயம் ரொம்பக் குறைவு." நாலே நாலு போட்டேன். தூக்கம் வந்தது, கூடவே குமட்டலும் மலச்சிக்கலும். தினம் ரெண்டு மட்டிப்பழம் தின்றும் பலனில்லை, கடைசியில் அதற்கும் மருந்து எழுதினார். அப்புறம் பாரசிட்டமாலே போதும் என்றாகிவிட்டது.

இப்போது சுவரில் விரலை நடத்தி ஏற்றுகிறேன். எட்டின இடத்தில் பென்சில் கோடு. நேற்றுக் காலண்டர் ஆணியைத் தொட்டேன். அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கம் மரத்துக் கிடக்கிறது, ஆனால் சேலை உரசினால் எரிகிறது. அக்குளில் நெறி எடுக்கும்போது நரம்பு அடிபட்டிருக்கும், அதற்கு வேறு மாத்திரை என்கிறார் டாக்டர்.

ஏட்டி, சிரிக்காதே. போன வாரம் கொழுந்தன் முதுகு வலிக்கிறது என்று வந்தான். எனக்குப் பூட்டி வைத்த மாமி, மகனுக்கு உடனே பீரோவைத் திறந்து அந்த மாத்திரையை நீட்டினார்! எழுந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன், ஆபரேஷன் செய்த பக்கத்து வலது கையாலேயே.

நீ மருந்துக்கடையில் இருந்தவள்தானே. மீதி ஆறையும் என்ன செய்ய? அடுத்த தடவை போகும்போது ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்தால் வாங்குவார்களா?

உன்
லில்லி