இனிஷியலை விரித்து எழுதி வையுங்கள்: ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் இயங்கும் தமிழ் ஊர்ச் சங்கங்கள், கோயில் மேலாண்மைக் குழுக்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் உறுப்பினர் பட்டியலிலும், பழைய ரசீதுப் புத்தகங்களிலும், திருமணப் பதிவேடுகளிலும் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் இனிஷியல்களை, விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தமிழில் விரித்து எழுதி வையுங்கள். வேண்டுகோள் இவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை அவசரம் என்றால், கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஊர் விண்ணப்பப் படிவங்களில் ‘குடும்பப் பெயரை அடிக்கோடிடுக’ என்று ஒரு வரி வெகுகாலம் இருந்தது. பக்கத்தில் நிற்கும் சீனர் டான், லிம், லீ என்று ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார். நாம்தான் பேனாவை வைத்துக்கொண்டு முழிப்போம். அப்பா பெயருக்குக் கோடு போட்டால், வங்கியிலிருந்து கூப்பிடுகிறவர் எப்போதோ காலமான அப்பாவை நலம் விசாரிப்பார். நம் பெயருக்கே கோடு போட்டால், நமக்கும் நம் பெற்றோருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதுபோல் ஆகிவிடும். வெளிநாட்டு விசா படிவங்களில் இந்தக் கூத்து இன்னும் நடக்கிறது.

பள்ளியில் குடும்பப் பெயரின் கதையைச் சொல்லச் சொன்னால் சீனப் பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. ஒரே எழுத்து ஹொக்கியனில் டான், கண்டனீஸில் சான், மாண்டரினில் சென். ஆங்கிலத்தில் எப்படி எழுத்துக் கூட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்தே தாத்தா வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று அது சொல்லிவிடும். நம் பிள்ளை ‘எங்களுக்கு சர்நேம் கிடையாது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். கிடையாது என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலாய்க்காரர்களுக்கும்தான் கிடையாது, நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் பின் இஷாக்கின் பெயரில் உள்ள இஷாக் அவருடைய தந்தை. ஆனால் நம் பதில் அந்த ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறதே, அதுதான் எனக்கு ஆதங்கம். சீனர்கள் குடும்பப் பெயரில் வைத்திருப்பதை நாம் இனிஷியலில் வைத்திருந்தோம். அதை விரிக்கத் தெரியாத தலைமுறை வந்துவிட்டது.

என் தாத்தாவின் அடையாள அட்டையும் அவர் கல்யாணப் பத்திரிகையும் வீட்டில் ஒரே உறையில் கிடக்கின்றன. பத்திரிகையில் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து: முதலாவது ஊர், இரண்டாவது அவருடைய தகப்பனார். அடையாள அட்டையில் ஊர் காணாமல் போய்விட்டது. முன்னால் நின்ற தகப்பனார், ‘இன்னாரின் மகன்’ என்று பொருள்படும் ‘எஸ்/ஓ’வைத் தாண்டிக் கடைசிக்குப் போய்விட்டார். பெயரில் ழகரம் இருந்த இடத்தில், பதிவு செய்த குமாஸ்தாவின் காதில் என்ன விழுந்ததோ அது இருக்கிறது. ஊர்ப் பக்கத்துப் பத்திரங்களில் ‘த/பெ’ என்று எழுதுவார்களே, தகப்பனார் பெயர், அதன் இங்கிலீஷ் வேஷம்தான் இந்த எஸ்/ஓ, பெண்களுக்கு டி/ஓ. அவை பெயரின் பாகமே அல்ல, ஒரு குறிப்பு. இங்கே அதுவே பெயராகிவிட்டது.

நகரத்தாரிடம், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம், இந்த எழுத்துக் கணக்கு இன்னும் நுணுக்கம். நமக்கு விலாசம் என்றால் முகவரி. அவர்களுக்கு அது பெயருக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும் தலைமுறை எழுத்துகள். ராம., அரு., பழ., சித., மெய். என்று இரண்டு மூன்று சேர்ந்து வரும். ராமநாதன், அருணாசலம், பழனியப்பன், சிதம்பரம், மெய்யப்பன் என்று விரிப்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் அதே எழுத்துகள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். வட்டித்தொழில் நடந்த காலத்தில் விலாசம்தான் கம்பெனியின் பெயரும். மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்கள் தொழில் நடத்திய கட்டடமான கிட்டங்கியில், ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டிகளை வைத்துக்கொண்டு பல கடைகள் நடந்தன. பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்குக்கு வந்து போகும் மேலாள், அதாவது முதலாளியின் முகவர், தன் பெயரில் அல்ல, முதலாளியின் விலாசத்தில்தான் வரவுசெலவு செய்வார். இதோடு இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்களில் எந்தக் கோயில் என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

ரிவர் வேலிப் பக்கம் போனால் அர்னாசலம் செட்டி சாலை, முத்துராமன் செட்டி சாலை, நாராயணன் செட்டி சாலை என்று பலகைகள் இருக்கின்றன. அருணாசலம் அர்னாசலம் ஆனது போகட்டும். விலாசம் இல்லாததால் எந்த ஊர், எந்த வீட்டு முத்துராமன் என்று பலகையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. காரைக்குடிச் சீமையில் அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள்!

மற்றவர்கள் கதை வேறு வேறு. மலையாளிகள் வீட்டின் பெயரை முன்னால் வைப்பார்கள். முன்னாள் அதிபர் தேவன் நாயரின் சி.வி. என்பது செங்கர வீட்டில். யாழ்ப்பாணத்தாருக்கு நம்மைப் போலவே தகப்பனார் பெயர்தான், நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினத்தின் எஸ், சின்னத்தம்பி. கடையநல்லூர், தென்காசி, நாகூர், காரைக்கால் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்களிடம் மரைக்காயர், ராவுத்தர், லெப்பை போன்ற பட்டங்கள் உண்டு. கடல் வணிகம், குதிரை, மார்க்கக் கல்வி என்று முன்னோர் தொழிலோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. மரைக்காயர் என்பது இங்குள்ள ஆங்கிலப் பதிவுகளில் மரிக்கான், மெரிக்கன், மரிக்கார் என்றெல்லாம் கிடைக்கிறது. விஷயம் தெரியாதவருக்கு மூன்று குடும்பங்கள்போலத் தோன்றும்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பவர்கள் மலாக்கா செட்டிகள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து மலாக்காவில் மணமுடித்துத் தங்கிவிட்ட வணிகர்களின் வழிவந்தவர்கள், சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய் கலந்த பேச்சு. கும்பிடுவது மாரியம்மனையும் பிள்ளையாரையும். தமிழ் போய்விட்டது, பிள்ளை, நாயக்கர், செட்டி என்ற பின்னொட்டுகள் மட்டும் நிஜமான குடும்பப் பெயர்களாகத் தலைமுறை தலைமுறையாக நின்றுவிட்டன. இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் அவர்களைப் பற்றி ஒரு கண்காட்சியே நடத்தியது. மொழி போன பிறகும் பெயர் நிற்கும் என்பதற்கு அவர்கள் சாட்சி. நம்மிடம் நேர்மாறாக நடக்கிறது: மொழியை ஓரளவு காப்பாற்றிக்கொண்டு பெயரின் பாதியைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பழைய செயற்குழுப் படம் மாட்டியிருக்கும். நடுவே நாற்காலியில் தலைவர், கழுத்தில் மாலை. கீழே ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்’ என்று தொடங்கிப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓரெழுத்து, ஈரெழுத்து, சிலருக்கு மூன்று. அந்த எழுத்துகளை இன்று உங்கள் குழுவில் விரித்துச் சொல்லக் கூடியவர் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் கேட்டேன். ‘அவங்கல்லாம் ஃபவுண்டர்ஸ் தம்பி’ என்றார் பொருளாளர். அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. படத்தைக் கீழே இறக்குங்கள். எண்பது கடந்த உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் போதும், ஊர், வீட்டுப் பட்டப்பெயர், யாருக்கு யார் மச்சான் என்பது வரை வந்துவிடும். கோயில்களில் நன்கொடையாளர் கல்வெட்டும், நாளிதழ்களில் வந்த மரண அறிவிப்புகளும் இதே வேலைக்கு உதவும். பிறந்த ஊரை வட்டம், மாவட்டத்தோடு அச்சிடும் வழக்கத்தை அந்த அறிவிப்புகள்தான் ஓரளவு காப்பாற்றி வருகின்றன.

இனி, கொஞ்சம் கசப்பான பகுதி. இதைப் பேச ஆரம்பித்தாலே ‘அப்ப நம்ம பட்டத்தையும் போட்டுக்கலாமே, அதுதானே நம்ம சர்நேம்’ என்று ஒரு குரல் கிளம்புகிறது. இளையவர்களிடமும் கேட்கிறேன். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காகச் சாதியை எடுத்து அதில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் இருப்பதற்கு வழக்கம் மட்டும் காரணமில்லை. பலர் வேண்டுமென்றே கழற்றி வைத்தார்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதே ஆண்டின் கடைசியில் பெரியார் மலாயாவுக்குக் கப்பலேறினார், சிங்கப்பூருக்கும் வந்தார். 1930களில் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு பத்திரிகையும் அந்தப் பேச்சை வீடுவீடாகக் கொண்டுபோயின. பிள்ளையும் முதலியாரும் படையாட்சியும் பல பெயர்களிலிருந்து உதிர்ந்தது இப்படித்தான். பட்டம் இருந்தவர்களாவது எடுத்து மாட்டிக்கொள்ளலாம். பட்டமே தரப்படாமல், துறைமுகத்திலும் நகராட்சித் துப்புரவு வேலையிலும் உழைத்த சனங்கள் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவார்கள்? தகப்பனார் பெயர் எல்லோருக்கும் உண்டு. ஊரும் எல்லோருக்கும் உண்டு. அந்த வகையில் இனிஷியலைப் போல நியாயமான ஏற்பாடு வேறில்லை.

ஆகவே, பெரியவர் ஒருவர் தன் குடும்பப் பட்டத்தைத் தானாகச் சொன்னால் வரலாறு என்று குறித்துக்கொள்ளுங்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்து வாண்டையார், மழவராயர் போன்ற பட்டங்களை ஆராய்கிறவர்களுக்கு அது பயன்படும். அதற்கென்று படிவத்தில் ஒரு கட்டம் போடாதீர்கள்.

படிவத்தில் சேர்க்கச் சொல்வது மூன்று வரிகள்தான். பெயர், தமிழ் எழுத்தில், இனிஷியலை விரித்து. தாய் பெயரும் தந்தை பெயரும். முதலில் கப்பலேறியவரின் ஊர். இரண்டாவது வரியில் தாயை விட்டுவிடாதீர்கள். நம் பெண்களின் இனிஷியல் கல்யாணத்துக்கு முன் அப்பா, பின் கணவர் என்று மாறி மாறிப் போனதில் பாதிக் குடும்பக் கதை அடையாளமில்லாமல் போய்விட்டது. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைச் சம்மதம் வாங்கிப் பதியுங்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் செயலாளர் அறிந்திருப்பார். திரட்டியதில் ஒரு படியைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வாய்மொழி வரலாற்றை 1979 முதல் பதிந்து வருகிறவர்கள் அவர்கள்.

2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழே மின்னிலக்கமாகிவிட்டது. எஸ்/ஓ, டி/ஓ வேண்டாம் என்று விட்டுவிடும் பெற்றோரும் பெருகுகிறார்கள். அது அவரவர் விருப்பம், குறை சொல்லவில்லை. அரசாங்க ஆவணத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது வேறு பேச்சு. நம் பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது நம் கையில்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலில் இதை ஓர் அம்சமாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். தட்டச்சு செய்ய ஆள் இல்லை என்பது தடையாக இருந்தால் சொல்லியனுப்புங்கள். தமிழில் வேகமாக அடிக்கத் தெரிந்த நண்பர்கள் சிலர் தயாராக இருக்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகலில் பதிவேட்டை மேசைமேல் எடுத்து வைத்து, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரையும் கூப்பிட்டு வைத்துவிட்டால் போதும். மடிக்கணினியோடு நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
உங்களில் ஓர் உறுப்பினர்
சிங்கப்பூர்