“கேஸ் (வாயு) இல்லை” என்று நான் சொன்னதை நம்பியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு வந்த வலி வெறும் கேஸ் இல்லை என்று நம்பி உதவியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

பித்தப்பைக் கல்லுக்காக, சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுக்கும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டே நாளில் கும்பகோணத்தில் வீடு திரும்பியவள் நான். மறுநாள் ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரை ஏறியது. வயிறு கும்மென்று உப்பிக்கொண்டது. தண்ணீர் குடித்தாலும் குமட்டல். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். “கேஸ்தான், நல்லா நடங்க, சரியாகிடும்” என்றார்கள். அந்தப் பதில் பொதுவாகத் தப்பில்லை. இந்த ஆபரேஷனில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தித்தான் இடம் உண்டாக்குகிறார்கள். அதனால் ஓரிரு நாள் தோள் வலிப்பது வழக்கம். ஆனால் அந்த வலி நாளாக நாளாகக் குறைய வேண்டும். எனக்குக் கூடிக்கொண்டே போனது.

ஐந்தாம் நாள் விடியற்காலை குளிர்ஜுரம். எதிர்வீட்டு அக்கா, பிள்ளைகள் இருவரையும் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போனீர்கள். அப்புறம் இருபது நாளைக்கு அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் ஒருமுறைகூட விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுபடி அட்மிஷன். அன்று பார்த்த டாக்டரும் கேஸ் என்றே சொல்லி ஊசி எழுதிவிட்டுப் போனார். இரவு டியூட்டியில் வந்த சிஸ்டர், நீங்கள் ஒருவர்தான் என் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் முழுக்க நாடி எண்ணினீர்கள். 118. காய்ச்சல் 101. இரண்டையும் சார்ட்டில் எழுதி டியூட்டி டாக்டருக்குப் போனும் செய்தீர்கள். பிறகு என்னிடம், “வலிக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. என்னிக்கு ஆரம்பிச்சது, எங்கே வலிக்குது, ஊசி போட்டா எத்தனை மணி நேரத்துல திரும்ப வருதுன்னு எழுதி வைங்க. காலைல ரவுண்ட்ஸ்ல அதைப் படிங்க” என்றீர்கள். மகளின் ரஃப் நோட்டு பையில் இருந்தது. விடியும்வரை அதில் எழுதினேன். அதுவரை அழுதுகொண்டு மட்டும் இருந்தேன். கையில் ஒரு வேலை வந்ததும் பயம் கொஞ்சம் அடங்கியது.

காலையில் என்னால் உட்கார முடியவில்லை. என் கணவர்தான் நோட்டைப் படித்தார். டாக்டர் முன்னால் வாய் திறக்கவே தயங்குகிறவர். நடுங்கிய குரலில், “சார், கேஸ் இல்லைன்னா வேற என்னவா இருக்கலாம்? அது இல்லைன்னு எப்படி உறுதி பண்ணுவீங்க?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை முந்தின ராத்திரி போனில் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் அண்ணன். அண்ணா, அந்தக் கேள்விக்கு அரை மணி நேரத்தில் ஸ்கேன் எழுதினார்கள். கல்லீரலுக்கு அடியில் நீர் கோத்திருந்தது.

ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் இந்த மடலில் இடம் உண்டு. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் பார்த்ததும் நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் படம் வரைந்து, கிளிப் போட்ட குழாய் முனையிலிருந்து பித்தநீர் கசிகிறது, இது நான் செய்த ஆபரேஷனில் வந்த சிக்கல் என்று மழுப்பாமல் சொன்னீர்கள். இங்கே ஈ.ஆர்.சி.பி. (வாய்வழியாகக் குழாய் விட்டுப் பித்தக்குழாயைச் சரிசெய்யும் முறை) வசதி இல்லை என்று நீங்களே போன் செய்து அன்றைக்கே திருச்சிக்கு அனுப்பினீர்கள். அந்த நேர்மைக்கு நன்றி.

திருச்சியில் வாய்வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு, பித்தக்குழாயில் ஸ்டெண்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். குடலுக்குத் தடையில்லாத வழி கிடைத்துவிட்டால் பித்தநீர் அதில் இறங்கிவிடும், கசிவு தானாக ஆறும் என்று விளக்கினார்கள். உள்ளே கசிந்து தேங்கிய பித்தநீரை வெளியே எடுக்க வயிற்றிலிருந்து ஒரு டியூபும் பையும். முதல் நாள் 400 மில்லி, ஒரு வாரத்தில் 60. அந்தப் பையோடு எப்படி நடப்பது என்று தெரியாமல் படுத்தே கிடந்தேன். வார்டு கூட்டும் அம்மா, நீங்கள்தான் அதை ஒரு மஞ்சப்பையில் போட்டு, இடுப்புக்குக் கீழே தொங்கும்படி கட்டிவிட்டு, வராந்தா முழுக்க என்னை நடத்திக் கூட்டிப்போனீர்கள்.

என் தங்கைக்கு. இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்க நினைத்தபோது முதல் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் குறிப்பு தேவைப்பட்டது. “நாளைக்கு வாங்க” என்றே மூன்று நாள் ஓடியது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது என்று தேடி எடுத்தவள் நீ. வெள்ளைத் தாளில் மனு எழுதி, தேதியோடு சீல் வாங்கி வந்தாய். மறுநாள் மதியம் நகல் கைக்கு வந்தது. சண்டை போடாமலே வாங்கினாயே, அதை நான் உன்னிடம்தான் கற்றேன்.

ஆறு வாரம் கழித்து ஸ்டெண்ட்டை எடுத்துவிட்டார்கள். சிஸ்டர், போன வாரம் உங்களைத் தேடி அந்த வார்டுக்கு வந்தேன். வேலை மாறிப் போய்விட்டீர்கள் என்றார்கள். பெயரைக்கூடக் கேட்டு வைக்காமல் விட்டேன். யார் மூலமாவது இது உங்கள் கண்ணில் பட வேண்டும். அந்த ரஃப் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, “வலி இல்லை” என்று எழுதி வைத்திருக்கிறேன்.