கென்டைப் பற்றிப் பேச உதவியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன சனிக்கிழமை, கலிஃபோர்னியாவின் முயிர் வுட்ஸ் காட்டை அமெரிக்க அரசுக்குத் தானமாகத் தந்த வில்லியம் கென்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் என் சொந்தச் சரக்கு பத்து நிமிடத்துக்குத் தேறினால் அதிகம். மேடையில் நன்றி சொல்ல மறந்துவிட்டேன், அதனால்தான் இந்த மடல்.

முதலில், என்னை அந்த முயிர் வுட்ஸுக்குக் கூட்டிப்போன நண்பருக்கு. அங்கே காரை நிறுத்தவே முன்பதிவு வேண்டும் என்பது தெரியாமல் கிளம்ப இருந்தேன். மலைப்பாதை வளைவுகளில் என் மகன் உங்கள் புதுக் காரில் இரண்டு முறை வாந்தி எடுத்தும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. மழை இல்லாத நாளில், ரெட்வுட் மரங்களின் உச்சியில் தங்கிய மூடுபனி சொட்டுச் சொட்டாக விழுந்து என் தோளை நனைத்தது. இந்தக் காட்டை 1905இல் கென்ட் என்ற ஒருவர் 45,000 டாலருக்கு விலைக்கு வாங்கினார் என்பது அப்போதுதான் உறைத்தது. மொத்தம் 611 ஏக்கர். இவ்வளவு பணமா என்று தயங்கிய மனைவி எலிசபெத்திடம், இருப்பதெல்லாம் போனாலும் மரங்கள் பிழைத்தால் போதாதா என்றாராம்.

அடுத்து, பழைய கோப்புகளைத் தோண்டித் தந்த நூலக ஊழியருக்கு. நிலமும் கால்நடையுமாக வியாபாரம் பார்த்த கென்டின் சிகாகோ நாட்களை அவர்தான் காட்டினார். ஏழைகளுக்கு உதவிய ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தின் பக்கத்தில் கென்டுக்கு இருந்த வாடகை வீடுகளின் அவலத்தைச் சிலர் ஊரறியச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அவர் அந்த இடத்தை, ஹல் ஹவுஸை நடத்திய ஜேன் ஆடம்ஸிடமே ஒப்படைத்தார். வீடுகளை இடித்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத்திடல் போட்டார்கள். கென்ட் நகர்மன்ற உறுப்பினரானது அதற்கப்புறம்.

காட்டை அவர் தானம் செய்த கதையில் சட்டப் பகுதியை எனக்குப் புரியவைத்தது எங்கள் குடியிருப்பு வக்கீல் சார். 1907இல் ஒரு தண்ணீர் கம்பெனி அந்தக் காட்டு ஓடையில் அணை கட்ட, நிலத்தைக் கையகப்படுத்த வழக்குப் போட்டது. அரசு நிலத்தில் அந்த வழக்கு செல்லாது. அதனால் கென்ட் 295 ஏக்கரை மத்திய அரசுக்கே எழுதிக் கொடுத்தார். 1908 ஜனவரி 9 அன்று ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். கென்டின் பெயரையே வைக்கலாம் என்றபோது, ஐந்து பையன்கள் இருக்கிறார்கள், அவர்களால் காப்பாற்ற முடியாத பெயர் மறந்தே போகட்டும் என்று மறுத்தார். இயற்கைப் பாதுகாப்புக்காக எழுதிய ஜான் முயிரின் பெயர் நிலைத்தது.

இங்கேதான் அக்கா, உங்களுக்குப் பெரிய நன்றி. என் முதல் வரைவில் கென்டை முல்லைக்குத் தேர் தந்த பாரியோடு ஒப்பிட்டிருந்தேன். நீங்கள் சிவப்புப் பேனாவால் அந்தப் பத்தியை அப்படியே அடித்துவிட்டு, ஒரு புகைப்படம் அனுப்பினீர்கள். 2021இல் அந்தக் காட்டின் தகவல் பலகைமேல் பூங்கா ஊழியர்களே மஞ்சள் தாள்களை ஒட்டி, விடுபட்ட வரலாற்றைச் சேர்த்திருந்த படம் அது. 1911 முதல் 1917 வரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்த கென்ட், ஆசியர்கள் இங்கே வரவும் நிலம் வைத்துக்கொள்ளவும் கூடாது என்று வாதாடியவர். அதே கலிஃபோர்னியாவில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் நான், இதைத் தேடாமலே பாரிக்குப் போய்விட்டேன்! எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கின் கதையையும் நீங்கள்தான் எழுத வைத்தீர்கள். தன் ஓடையில் அணை வேண்டாம் என்றவர், 1913இல் அங்கே அணை கட்ட ஆதரவாக நின்றார். எதிர்த்தவர் அதே முயிர். மூன்று வருடம் கழித்து, தேசியப் பூங்காத் துறையை உருவாக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்ததும் இதே கென்ட்தான். இரண்டையும் ஒட்டவைக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து, "ஒட்டாது, அப்படியே விடு" என்றீர்கள். விட்டுவிட்டேன். கேள்வி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் போனது.

நாற்காலி போட்ட பிள்ளைகளுக்கும், ஒலிபெருக்கி மக்கர் செய்தபோது ஓடி வந்த தம்பிக்கும், சுண்டல் கொண்டுவந்த அண்ணிக்கும் நன்றி. அண்ணி, உங்கள் எவர்சில்வர் தூக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
போன வாரம் பேசியவன்