கால்வாய்க்கரைக்கு ஒரு முற்பகல்: சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்குத் திறந்த மடல்

நம் மக்களைக் குழுவாக லண்டனுக்கு அழைத்து வரும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நான் லண்டன்வாசி. கோடை பிறந்தால் உறவினர் யாராவது உங்கள் பஸ்ஸில் இங்கே வந்து இறங்குகிறார்கள். மாலையில் ஓட்டலுக்குப் போய் "என்ன பார்த்தீர்கள், அத்தை?" என்று கேட்டால் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். அரண்மனைக் கம்பி வேலிக்கு வெளியே ஒரு படம், ராட்சத ராட்டினத்துக்குக் கீழே ஒரு படம், மெழுகு நடிகரின் தோளில் கை போட்டபடி ஒரு படம். இந்த ஊரில் மனிதர்கள் எங்கே, எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த போக்குவரத்து நெரிசலைத்தான் சொல்வார்கள்.

உங்கள் நிரலில் ஒரே ஒரு முற்பகலை லிட்டில் வெனிஸ் என்ற கால்வாய்க்கரைப் பகுதிக்கு ஒதுக்குங்கள். இதைக் கேட்கவே இந்த மடல்.

தொலைவு என்று தட்டிக்கழிக்க முடியாது. மெழுகுச் சிலைக் காட்சியகத்துக்கு எப்படியும் வருகிறீர்கள். அதன் அருகிலேயே பேக்கர் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. பேக்கர்லூ தடத்தில் ஏறினால் நான்காவது நிலையம் வார்விக் அவென்யூ. அங்கிருந்து சில நிமிட நடையில் தண்ணீர் தென்படும். மூன்று நீர்வழிகள் கூடும் முக்கோணக் குளம் அது. நடுவில் மரங்கள் அடர்ந்த சின்னத் தீவு, சுற்றிலும் வெள்ளைச் சாந்து பூசிய பழைய மாளிகைகள். கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1862 முதல் 25 ஆண்டுகள் இந்தக் கரையில்தான் குடியிருந்தார். அதனால் குளத்துக்கும் அவர் பெயரைச் சொல்வார்கள்.

மாளிகைகளைவிட எனக்குப் பிடித்தவை கரையோரம் கட்டிக் கிடக்கும் படகுகள். நேரோபோட் என்பார்கள். அகலம் ஏறக்குறைய ஏழு அடி. நீளமோ சிலவற்றுக்கு எழுபது அடி. படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் குறுகிய மதகுகளுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே இப்படி ஒடுங்கிய உடம்பு. கூரையைப் பார்த்தாலே குடித்தனம் தெரியும்: விறகுக் கட்டு, கரி மூட்டை, சாய்த்துப் போட்ட சைக்கிள், புதினாத் தொட்டி, ரோஜாப் பூ வரைந்த தண்ணீர்க் குவளை. குளிர்காலமானால் குட்டைப் புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பும். ஆம், உள்ளே ஆட்கள் வசிக்கிறார்கள். நிலையான துறை இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டோடு நகர்ந்துகொண்டே இருக்கும் ஆசிரியர்களும் தச்சர்களும் இந்த நகரத்தில் உண்டு என்பதை உங்கள் வழிகாட்டி சொல்லட்டும். கூடவே, அந்த ஜன்னல்களில் முகத்தை ஒட்டிப் பார்க்கக் கூடாது, படம் எடுப்பதற்காக யார் படகிலும் கால் வைக்கக் கூடாது என்பதையும் கண்டிப்போடு சொல்லட்டும். நம் ஆட்கள் செய்வார்கள், எனக்குத் தெரியும்.

இந்தத் தண்ணீர் அழகுக்காக வெட்டப்பட்டதல்ல. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்து சரக்குப் படகுகள் அருகிலுள்ள பாடிங்டனுக்கு வந்து சேர 1801இல் ஒரு கிளைக் கால்வாய் திறந்தார்கள். அதைத் தேம்ஸ் நதியோடு லைம்ஹவுஸில் இணைக்கும் ரீஜன்ட்ஸ் கால்வாய் 1820இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. கரியும் மரமும் செங்கல்லும் இதில்தான் வந்தன. குதிரை கரையில் நடக்கும். கயிற்றின் மறுமுனையில் படகு மிதந்து வரும். இன்று நாம் நடக்கும் கரையோரப் பாதை அந்தக் குதிரைகளுக்காகப் போட்டது.

குளத்திலிருந்து கால்வாயோரமாகக் கேம்டன் சந்தைப் பகுதி வரை நடந்தால் நான்கு கிலோமீட்டருக்குள்தான். முதல் பகுதியில் சாலையோர நடைபாதையில் போக வேண்டும். கரை அங்கே படகில் குடியிருப்பவர்களுக்கு உரியது. பிறகு கால்வாய் மெய்டா ஹில் சுரங்கத்துக்குள் மறைந்துவிடும். சுரங்கத்தில் நடைபாதை கிடையாது. அந்தக் காலத்தில் குதிரையை மேலே ஓட்டிவிட்டு, படகோட்டிகள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே படகை நகர்த்தினார்கள். நாமும் குதிரையைப் போல மேலே ஏறி, எட்ஜ்வேர் சாலையைக் கடந்து, மறுபுறம் படியிறங்க வேண்டியதுதான்.

ரீஜன்ட்ஸ் பூங்காவின் வடக்கு ஓரத்தில் மேக்கில்ஸ்ஃபீல்ட் பாலம் வரும். உங்கள் குழுவை அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். 1874 அக்டோபர் 2 அதிகாலை, வெடிமருந்தும் பெட்ரோலியமும் ஏற்றி வந்த டில்பரி என்ற படகு இதே பாலத்தடியில் வெடித்துச் சிதறியது. படகில் இருந்த மூவரும் இறந்தார்கள், பாலமும் தகர்ந்தது. மீண்டும் கட்டியபோது பழைய இரும்புத் தூண்களையே எடுத்து, பக்கம் மாற்றி நிறுத்தினார்கள். தூணைத் தடவிப் பாருங்கள்: ஈரக் கயிறு உராய்ந்து உராய்ந்து இரும்பில் விழுந்த ஆழமான வடுக்கள் விரலுக்குத் தட்டுப்படும். தண்ணீர்ப் பக்கம் மட்டுமல்ல, எதிர்ப்பக்கமும் வடு இருக்கும். வெடிப்புக்கு முந்தைய கயிறு ஒரு பக்கத்தையும், பிந்தைய கயிறு மறு பக்கத்தையும் அறுத்திருக்கிறது. நுழைவுச் சீட்டு இல்லை, வரிசை இல்லை, தொடாதே என்ற பலகையும் இல்லை.

"எங்கள் பயணிகளில் பாதிப் பேர் மூத்தவர்கள், நடக்க மாட்டார்கள்" என்பீர்கள். குளத்திலிருந்து கேம்டனுக்குக் கோடையில் பயணிகள் படகு ஓடுகிறது, சுரங்கத்துக்குள்ளேயே போகும். முடிந்தவர்கள் நடக்கட்டும், மற்றவர்கள் படகில் வரட்டும். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு நான்கு மைல்தான், ஆகவே யார் முன்னால் போய்ச் சேருவார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இராது. கழிப்பறை பற்றி மட்டும் நீங்கள் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். வழியில் நம்பிப் போக முடியாது. சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். கேம்டன் சந்தையில் சைவமும் கிடைக்கும், அங்கே கைகளால் திறந்து மூடும் இரட்டை மதகுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் நம் சென்னைப் பக்கிங்காம் கால்வாயைப் பேச்சுக்கு இழுப்பார்கள். அது வேறு முகவரிக்கு எழுத வேண்டிய மடல்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஐம்பது பேரையும் மொத்தமாகக் கரையில் இறக்கிவிடாதீர்கள். பாதை குறுகலானது, சைக்கிள்காரர்கள் மணியடித்தபடி வருவார்கள், பாலத்தடியில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நிற்பதே சிரமம். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, கால் மணி நேர இடைவெளியில் அனுப்புங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். பஸ்ஸும் குளக்கரைக்கு வர வேண்டாம். அது குடியிருப்புத் தெரு.

அடுத்த கோடைக்கான நிரல் அச்சுக்குப் போகும் முன், மெழுகுச் சிலைகளுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்துவிடுங்கள்: காலை 10 மணி, பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில், மதியம் 1.30, கேம்டனில் பஸ் காத்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளின் லண்டன் உறவினரில் ஒருவர்